தெமோதரை முடிச்சு

முதல் மூன்று அத்தியாயம் என்னிடம்,
நான்காவதிலிருந்து ஸப்ரினாவிடம்.
ஒரு போட்டோக்கொப்பிக்குத்தான் காசிருந்தது.
தடிப்பை ஸ்டேப்ளர் தாங்கவில்லை,
கடைக்காரப் பையன் நடுவில் பிரித்து
இரண்டு கட்டாக அடித்துத் தந்தான்.

பகலில் பதுளை, பசறை வீதிக் கடையில்
ஆணி நிறுத்து விற்கிறேன்.
இரவில் பல்லுறுப்பிகளைப் பூச்சியமாக்குகிறேன்.
ஒரு சமன்பாடு எழுது,
எந்தெந்தப் புள்ளி அதற்கு அடங்குகிறதோ
அத்தனையும் சேர்ந்து ஒரு வடிவம்.
முதல் பக்கம் இவ்வளவுதான் சொல்கிறது.
எனக்குப் புதிதில்லை.
அம்மா கொழுந்தெடுத்த மலைக்கும்
ஆபீசில் ஒரு வரி எழுதியிருந்தார்கள், இத்தனை கிலோ என்று.
அடங்கியவளுக்கு முழுப்பேர்,
ஒரு கிலோ குறைந்தவளுக்கு அரைப்பேர்.
எழுதியவர் மலை ஏறியதே இல்லை.

இரண்டாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன்.
எக்ஸ் பூச்சியம் என்றாலும்
எக்ஸின் வர்க்கம் பூச்சியம் என்றாலும்
புள்ளி அதே புள்ளி. படத்தில் வித்தியாசமில்லை.
அட்சரகணிதம் மட்டும் விடாமல் சொல்கிறது:
இங்கே இரண்டு தடவை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், 'ஆறாம் காம்பரா'.
எங்கள் லயத்தில் அது ஒரே கதவு,
இடாப்பில் ஒரே இலக்கம்,
உள்ளே சேலை மறித்து இரண்டு அடுப்பு.

முப்பத்தொன்றாம் பக்கம் இல்லை.
முப்பதின் அடியில் ஒரு வளையி
வந்து, சுற்றி, தன்னையே வெட்டிக்கொண்டு போகிறது.
வெட்டும் இடத்தில் தொடலி எது?
'இந்த முடிச்சை அவிழ்க்க' என்று
பக்கம் முடிகிறது.
மூன்று கிழமை அதற்கப்பால் போகவில்லை.

சனிக்கிழமை பின்னேர ரயில்.
தெமோதரைத் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை முடித்து
ஸப்ரினா ஏறுவாள். பண்டாரவளை மட்டும் படிப்போம்.
ஹாலிஎல தாண்டி, சுரங்கத்தின் வாயில்
போன் அடித்தது.

"எங்க ஈக்கிறாய்? மெப்பில பாத்தா
நீயும் நானும் ஒரே புள்ளிடி!"

நிமிர்ந்தேன்.
பெட்டிக் கூரைக்கு மேல் பாறை,
பாறைக்கு மேல் ஸ்டேஷன்,
அதன் மேடையில் அவள் செருப்பு.
"ஒனக்கு அடியில" என்றேன்.
சிக்னல் போய்விட்டிருந்தது.

இருட்டில்தான் பிடிபட்டது.
முடிச்சு தாளில் இருக்கிறது, பாதையில் இல்லை.
இந்த ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி
இதே இடத்துக்கு வரும், ஆனால் இங்கே வராது.
தாளுக்கு உயரம் தெரியாது, அவ்வளவுதான் கோளாறு.
அப்படியானால் புள்ளியிடம் கேட்கலாமே,
எந்தப் படித்திறனில் வந்தாய் என்று?
அந்தப் பதிலையே உயரமாக வைத்தால்?

டிக்கெட்டின் பின்பக்கம்,
வெளிச்சம் வந்ததும்,
ஒய்யை எக்ஸால் வகுத்தேன்.
கை நடுங்கியது, பெட்டியும் குலுங்கியது.
பூச்சியத்தில் இரண்டு விடை:
சக ஒன்று, சய ஒன்று.
ஒன்றையொன்று தொடாமல்
அததன் உயரத்தில் போகின்றன.

சுற்று முடியக் கொஞ்ச நேரம் எடுக்கும்.
ஜன்னலில் தேயிலை, யாரோ காயப்போட்ட ஸ்கூல் சட்டைகள்,
மறுபடி தேயிலை.

மேடையில் அவள், கையில் ஒற்றைத் தாள்.
"உன்ட முப்பத்தொண்டு
என்ட கட்டுக்குள்ள கெடந்திச்சி, மூணு கெழமயா!"

வாங்கி மடித்தேன். விரிக்கவில்லை.
எல்ல தாண்டட்டும்.

சரியான கூட்டம்.
ஒருவர் இருக்கிற இடத்தில் ஒதுங்கி
அவளையும் இழுத்து உட்கார்த்தினேன்.
என் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்,
"இதென்ன, ஆறாம் காம்பரா?"

அவள் முழங்கை என் விலாவில் இடித்தது.
சொல்லத் தொடங்கினேன்.